திராட்சை செட்டில் நின்ற மெட்ரோ

ஜனங்களை வரிசையில் நிறுத்திவிடலாம் என்று நம்புகிறவர்கள் ஒன்று போலீஸ்காரர்களாக இருப்பார்கள், இல்லாவிட்டால் கவிதை எழுதிப் பழகியவர்களாக இருப்பார்கள். போலீஸ்காரர்களிடமாவது ஒரு லத்தி இருக்கும். என்னிடம் இருந்ததெல்லாம் உவமைகள்.

நான் வசன கவிதை எழுதுகிறவள். மேகம் மலையிறங்கி வந்து எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப்போவதை மட்டுமே பல வருடம் எழுதிக்கொண்டிருந்தேன். நான் எழுதிய பத்திரிகைகள் ஒவ்வொன்றாக மூடின. (என் கவிதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஆசிரியர்கள் சத்தியம் பண்ணினார்கள். நல்ல மனிதர்கள்.) கடைசிப் பத்திரிகையும் மூடியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. அந்த வயதில், இந்தப் படிப்பில், ஒரு கம்பெனி என்னை வேலைக்கு எடுத்தது என்றால் அது கடவுள் எனக்காகப் போட்ட சிபாரிசுதான். ரயில் நிலையங்களில் தரையில் ஒட்டுகிற அம்புக்குறி, சுவரில் எழுதுகிற எச்சரிக்கை, ஒலிபெருக்கியில் வருகிற அறிவிப்பு, இவற்றைச் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனி. ஆறு மாதம் பார்ப்போம், சரிவந்தால் நிரந்தரம் என்றார்கள்.

ஐந்து மாதம் போனது. என் மேலாளர் பார்த்திபன் என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆனாலும் சார். ஒரு நாள் கூப்பிட்டார்.

"மேடம், உங்க பேர்ல ஒரு வேலையாவது முடிஞ்சிருக்கணும். இல்லேன்னா மேல என்னால பேச முடியாது."

குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. இந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்காது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அப்போதுதான் அந்த மெட்ரோ வேலை வந்தது. (எந்த நகரம் என்று கேட்காதீர்கள். எனக்குச் சம்பளம் தருகிறவர்களுக்கு அவர்கள்தான் பணம் தருகிறார்கள்.) தரைக்கு அடியில் ஒரு ஸ்டேஷன். பிளாட்பாரம் ஒடுக்கம். காலையில் கூட்டம் சொல்லி மாளாது. ரயில் வந்து கதவு திறந்ததும் இறங்குகிறவர்கள் இறங்குவதற்குள் ஏறுகிறவர்கள் ஏறப் பார்ப்பார்கள். வாசலில் முட்டல். பின்னால் நிற்கிறவர் முன்னால் நிற்கிறவரைத் தள்ள, விளிம்பில் நிற்கிறவர் பக்கத்து ஆளின் சட்டையைப் பிடித்துக்கொள்வார். கதவு மூடுவதற்கு நேரமாகும். பின்னால் வருகிற ரயில் இருட்டுக்குள் காத்து நிற்கும். இப்படியே தாமதமாகித் தாமதமாகி, ஓடவேண்டிய ரயில்களில் சில ஓடாமலே போகும். விளிம்பு நெடுகக் கண்ணாடிச் சுவர் எழுப்பி, ரயில் வந்தால் மட்டும் திறக்கிற கதவு வைத்துவிட்டால் எல்லாம் தீரும். ஆனால் அதற்கு ஆகிற செலவைக் கேட்டால் அந்தச் சுவரில்தான் முட்டிக்கொள்ளவேண்டும்.

"ஆள் விழக்கூடாது, இன்னும் நிறைய பேர் ஏறணும், செலவும் கட்டுப்படியாகணும். ஐடியா இருந்தா சொல்லுங்க" என்றார் பார்த்திபன் சார், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எங்களிடம்.

எனக்குள் சும்மா இராத ஏதோ ஒன்று இருக்கிறது. அமைதியான அறை கிடைத்தால் எழுந்து நின்றுவிடும். நின்றது.

"சார், மனிதக் கூட்டம் ஓர் ஆறு. கதவு மதகு. மதகில் எதிரும் புதிருமாகத் தண்ணீர் பாயுமா? நடுவில் இறங்குகிறவர்கள், ரெண்டு ஓரத்திலும் ஏறுகிறவர்கள். தரையில் கோடு போட்டுவிட்டால் போதும்."

"எல்லா ஊர்லயும் கோடு போட்டுத்தான் இருக்கு மேடம். யாரும் பாக்குறதில்ல."

"எங்க ஊர்ல பார்ப்பாங்க சார்."

அந்த நேரம் என் கண்முன் நின்றது எங்கள் கோயில். நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். ஞாயிறு பூசையில் சாமியார் கையிலிருந்து அப்பம் வாங்குவதை எங்கள் பக்கம் 'நன்மை வாங்குவது' என்போம். கோயில் நிறைந்த கூட்டம், இரண்டே வரிசையில், கைகூப்பி, ஒருவரை ஒருவர் இடிக்காமல் பீடம் வரை போகும். போலீஸ் இல்லை, கயிறு இல்லை, அம்புக்குறி இல்லை. ஒரு பாட்டு முடிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். உலகத்தின் எந்த ரயில் நிலையமாவது இதைச் செய்து காட்டியிருக்கிறதா? (இந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் மேசையைத் தட்டினேன். காபி சிந்தியது.)

"செஞ்சு பாத்தாதான் நம்புவாங்க. ஒரு ஹால் எடுத்து, ஆள் புடிச்சு... அதுக்கே நெறைய ஆகும்" என்றார் சார்.

"எங்க அண்ணன்கிட்ட ஒரு திராட்சை செட்டு இருக்கு சார். ஆளுக்கும் எங்க ஊர் இருக்கு. ஒரு வேளைச் சாப்பாடு போட்டால் போதும்."

அவர் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு வெளிச்சம். கட்டுப்படியாகிற செலவு என்றால் மேலாளர்கள் முகம் இப்படித்தான் பூக்கும்போல.

அண்ணன் சவரிமுத்து பழனிசெட்டிபட்டியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். ஊரில் கொஞ்சம் திராட்சையும் உண்டு. அப்போது கொடிகளைக் கவாத்து வெட்டி முடித்திருந்த நேரம், பழம் அடுக்குகிற செட்டு காலியாகக் கிடந்தது. தகரக்கூரை, நீளமான செங்கல் சுவர், அதில் மூன்று வாசல். வாசல்களுக்கு முன்னால் ஒரு வாய்க்கால், அதைத் தாண்டிக் களம். நான் பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்துவிட்டேன். செட்டு ரயில். களம் பிளாட்பாரம். வாய்க்கால் தண்டவாளப் பள்ளம். முழங்கால் ஆழத்துக்குச் சேறும் இருந்தது, நம்பகத்தன்மைக்கு.

"வாய்க்கால்ல எவனாச்சும் விழுந்து தொலைச்சா?" என்றான் அண்ணன்.

"விழாமல் இருக்க என்ன வழி என்றுதானே அண்ணே பார்க்கிறோம்."

அவன் வாய்க்காலின் நீளத்தைக் காலடியால் அளந்தான். "திராட்சைப் பந்தலுக்கு இழுத்த கம்பி மிச்சங் கெடக்கு. வாசலுக்கு நேரா மட்டும் அகலமாப் பலகை போட்டு வழி விட்டுட்டு, பாக்கி எடத்துல நெஞ்சு ஒசரத்துக்கு நாலு கம்பி இழுத்து விட்டுர்றேன்." அதை நான் காதில் வாங்கினேனே தவிர மனதில் வாங்கவில்லை. என் மனம் முழுக்கக் கோடுகள்.

ஆள் சேர்க்கிற வேலை மதினியுடையது. அண்ணனின் மனைவி, ஜெசிந்தா. அவள் ஒரு தெருவில் நின்று கூப்பிட்டால் மூன்று தெருவில் கதவு திறக்கும்.

"எத்தன பேருடி வேணும்?"

"ஒரு நூறு பேர் மதினி."

"சோறு போடுவியா?"

"பிரியாணி."

"அப்ப நூறு பேருக்குச் சொன்னா நூத்தியம்பது பேரு வருவாக. என்ன செய்யணுமாம்?"

"ரயில்ல ஏறணும்."

"எங்க போகுது?"

"எங்கயும் போகாது மதினி. சும்மா ஏறணும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "ஆத்தாடி, இதுக்கா ஒனக்குச் சம்பளம் குடுக்காக?" என்றவள், மறு பேச்சில்லாமல் போய் ஊரைக் கூட்டிவிட்டாள். ஏன் எதற்கு என்று ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. 'நம்ம செலினுக்கு ஆகணுமாம்' என்று என் பேரைச் சொன்ன ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. கடையைப் பூட்டிவிட்டு வந்தார்கள், ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேற வேண்டியவர்கள் அன்றைக்கு ஏறாமல் வந்தார்கள். இதன் அருமை இப்போது எழுதும்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நான் மேதையாக இருந்தேன்.

முதல் நாள் சாயங்காலம் ஒத்திகை. களத்தில் மஞ்சள் கோடு, வாசலுக்கு இரண்டிரண்டாக வெள்ளைக் கோடு. அண்ணன் வாசல்களுக்குத் தகரக் கதவு மாட்டிக்கொண்டிருந்தான். வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்ததால் அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது. மஞ்சள் கோடு வரைக்கும்தான் ஒத்திகை.

நான் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று பேசினேன். நகரத்தின் காலடியில் ஓடும் இன்னொரு நகரத்தைப் பற்றி, இருட்டைத் துளைத்து வரும் வெளிச்சத்தைப் பற்றி, கதவு என்பது என்ன என்பதைப் பற்றி. ஜனங்கள் சாமியார் பிரசங்கத்துக்குத் தருகிற மரியாதையோடு கேட்டார்கள். அதாவது பாதிப் பேர் கண்ணை மூடியிருந்தார்கள்.

"ஏய், சுருக்கா சொல்லுடி, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்றாள் மதினி.

அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். இன்றைக்கும் நடுச்சாலையில் நினைவு வந்தால் தலையில் அடித்துக்கொள்கிற வாக்கியம்.

"ஒண்ணுமில்ல. நன்மை வாங்கப் போற மாதிரி வாங்க. அவ்வளவுதான்."

"அட, இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான!"

கூட்டம் அசைந்தது. ஒரு சத்தம் இல்லை. வாசலுக்கு இரண்டாக, மொத்தம் ஆறு வரிசை, நூல் பிடித்தமாதிரி. மலைப் பக்கம் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஆறு வரிசையும் மஞ்சள் கோட்டில் வந்து நின்றது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "போதும் போதும், நாளைக்கு இப்படியே செஞ்சுருங்க" என்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

கதவு வரைக்கும்தான் ஒத்திகை பார்த்தோம். கதவுக்கு அப்புறம் பார்க்கவில்லை. இந்தச் சின்ன விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை, மெட்ரோவிலிருந்து ரேவதி மேடம் வந்தார். பாதுகாப்பைப் பார்க்கிற பொறியாளர். சிரிப்பை வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு வருகிற ரகம். இந்த வேலை எங்களுக்கா இல்லையா என்பது அவர் கையில். எனக்கு வேலையா இல்லையா என்பதும் அதனால் அவர் கையில். பார்த்திபன் சார் அவருக்கு இளநீர் கொடுத்துவிட்டு, வீடியோ எடுக்க நல்ல கோணம் தேடிக் களத்தின் கடைசி மூலைக்குப் போனார்.

ரயிலுக்குள், அதாவது செட்டுக்குள், ஏற்கெனவே பயணம் செய்துகொண்டிருப்பவர்களாகக் கொஞ்சம் பேர் வேண்டுமல்லவா? அவர்களைத்தான் முதலில் இறக்கிக் காட்ட வேண்டும். அதற்குப் பக்கத்துத் தோட்டத்து சுருளி மாமாவும் அவர் சொந்தக்காரர்களும் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் சாமிதான் வேறு, வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சுகிற முறை ஒன்றுதான். அதனால் மாமா. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தோம். ஒத்திகைக்கு அவர்கள் வரவில்லை. "ரயில்ல உக்காரச் சொல்லித்தரணுமாக்கும்?" என்று கேட்டிருந்தார் மாமா. நியாயமான கேள்வியாகப் பட்டது.

கோயில் கூட்டம் வந்து சேர்ந்தது. வந்ததுமே எனக்குள் ஏதோ சின்னதாக உறுத்தியது. எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வந்திருந்தார்கள். பெண்கள் முக்காடு போட்டிருந்தார்கள். பட்டணத்து மேடம் முன்னால் மரியாதையாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒலிபெருக்கியில் என் அறிவிப்பு. நானே எழுதி நானே வாசித்தது.

"பயணியரே! இருளின் வயிற்றிலிருந்து ஓர் ஒளி உங்களை நோக்கி வருகிறது. வருகிறவருக்கு வழிவிடுங்கள். வழிவிடுகிறவருக்கே வழி பிறக்கும்."

"ஆமென்" என்றது ஒரு குரல், பின்வரிசையில்.

அண்ணன் கயிற்றை இழுத்தான். மூன்று கதவும் தடதடவென்று திறந்தன. ரேவதி மேடம் கைபேசியில் நேரத்தை ஓடவிட்டார்.

உள்ளேயிருந்து யாரும் இறங்கவில்லை.

நான் பலகைமேல் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். சுருளி மாமா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலிகள் எல்லாவற்றிலும் துண்டு கிடந்தது.

"மாமா, இறங்குங்க!"

"இது எந்த ஊரு தாயி?"

"ஊர் இல்ல மாமா, ஸ்டேஷன்."

"அதான், எந்த ஸ்டேஷன்? நீ மைக்குல என்னமோ ஒளி வருது வழி பிறக்குதுங்குற, ஊர் பேரு சொல்லலையே. பேரு தெரியாத ஊர்ல எறங்கி நாங்க எங்கன போயி நிக்க?"

"சும்மா இறங்குங்க மாமா!"

"எடம் புடிச்சாச்சு ஆத்தா. எறங்குனா போயிரும்ல?"

சரி, இறங்குகிறவர்கள் இறங்காவிட்டால் போகட்டும், ஏறுகிறவர்களாவது ஏறட்டும் என்று வெளியே திரும்பி, கைகாட்டினேன். ஆறு வரிசையும் புறப்பட்டது. கைகூப்பி. தலைகுனிந்து. என்ன அழகு என்கிறீர்கள். முதல் ஆள் வாய்க்கால் பலகையில் ஏறி, கதவுக்கு ஒரு அடி முன்னால் வந்து நின்று, லேசாகத் தலை வணங்கி, வலதுபக்கம் திரும்பி, பலகையின் ஓரமாகவே நடந்து, களத்தின் பின்பக்கம் போய்விட்டார். அடுத்தவர் வந்தார். வணங்கினார். இடதுபக்கம் திரும்பினார். போய்விட்டார். அதற்கடுத்தவர். அதற்கடுத்தவர்.

நன்மை வாங்கிய பிறகு மனிதர்கள் பீடத்தின் மேல் ஏறமாட்டார்கள், ஓரமாகத் திரும்பிப் போய்த் தங்கள் இடத்தில் முழங்காலிடுவார்கள் என்பது, பிறந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் இதைச் செய்துகொண்டிருக்கிற எனக்கு அந்த நிமிடத்தில்தான் உதித்தது.

பின்பக்கம் திரும்பிப் பார்த்தேன். முழங்காலிட்டிருந்தார்கள். வரிசையாக. கண்ணை மூடி.

நன்மை வாங்குகிறபோது பாட்டுப் பாடுவது வழக்கம். ஜெசிந்தா மதினி எடுத்துக் கொடுத்தாள். மூன்று தெரு கேட்கிற குரல். பெண்கள் சேர்ந்துகொண்டார்கள்.

ரேவதி மேடம் என் பக்கம் வந்தார்.

"என்ன பண்றாங்க?"

"ஜெபம் பண்றாங்க மேடம்."

"ரயிலுக்கா?"

நான் மதினியைப் பார்த்தேன். அவள் அடுத்த சரணத்துக்குப் போயிருந்தாள்.

"கதவு வரைக்கும் வந்தவங்க நூறு பேருக்கு மேல" என்றார் மேடம், கைபேசியைப் பார்த்தபடி. "தள்ளல, இடிக்கல. நான் இதுவரைக்கும் இவ்வளவு ஒழுங்கான கூட்டத்தப் பாத்ததில்ல. ஏறுனவங்க எத்தனை பேரு?"

ஏறியவர் அந்த நேரத்தில்தான் ஏறினார். பிரியாணிச் சமையல்காரர், அண்டா மூடியோடு, இரண்டாவது கதவு வழியாக. சாப்பாடு பரிமாறக் கூரை உள்ள இடம் செட்டு ஒன்றுதான் என்று அவருக்கு முன்பே சொல்லியிருந்தோம்.

நான் செட்டின் பின்னால் போய்ப் பழப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். மதினி பாட்டை முடித்துவிட்டு என்னைத் தேடி வந்தாள்.

"என்னடி, நாங்க சரியாத்தான செஞ்சோம்?"

"ரொம்பச் சரியா செஞ்சீங்க மதினி. எனக்கு வேலைதான் போகப்போகுது."

சொல்லிவிட்டேன். அதுவரை வீட்டில் யாருக்கும் சொல்லாதது. ஆறு மாதக் கணக்கு, சார் சொன்னது, எல்லாம். அவள் முக்காட்டை இழுத்து இடுப்பில் செருகினாள். (எங்கள் ஊரில் இதைப் பார்த்தால் ஒதுங்கி நின்றுகொள்வது நல்லது.)

அவள் வாயைத் திறப்பதற்குள் சமையல்காரர் திறந்துவிட்டார். "சாப்பாடு ரெடி! எல்லாரும் உள்ள வாங்க!"

முழங்காலிட்டிருந்த கூட்டம் எழுந்தது. நான் இதுவரை எந்த நகரத்தின் எந்த ரயில் நிலையத்திலும் அப்படி ஒரு எழுச்சியைப் பார்த்ததில்லை. முக்காடு பறந்தது. வெள்ளைக் கோடு, மஞ்சள் கோடு எல்லாம் செருப்புக்கு அடியில் போயின. மூன்று வாசலுக்கும் நூற்றைம்பது பேர். உள்ளேயிருந்து சுருளி மாமாவின் ஆட்கள் கைகழுவ வெளியே வர முட்டினார்கள். வெளியே இருந்தவர்கள் உள்ளே முட்டினார்கள். "தள்ளாதீகப்பா!" "ஏலே, காலு!" "யாரு முழங்கை இது?" எனக்கு உயிரே போய்விட்டது. வாய்க்கால்!

யாரும் விழவில்லை. அண்ணனின் பந்தல் கம்பி நெஞ்சுக்கு நெஞ்சு நின்று தாங்கியது. சாய்ந்தவர்களைச் சாய்ந்த இடத்திலேயே நிறுத்தி, வாசல் பக்கமாக வழுக்கிவிட்டது. கோட்டை மதிக்காதவர்கள் கம்பியை மதித்தே ஆக வேண்டியிருந்தது.

தப்பு. ஒருவர் விழுந்தார். களத்தின் கடைசி மூலையில், வீடியோவுக்கு நல்ல கோணம் பார்த்து நின்ற இடத்தில். அங்கே வந்தபோது அண்ணனிடம் கம்பி தீர்ந்திருந்தது. ஒரு பக்கத்துத் தள்ளல் அப்படியே நகர்ந்து நகர்ந்து கடைசியில் பார்த்திபன் சாரிடம் போய் முடிந்தது. இடுப்பு வரைக்கும் சேறு அப்பியிருக்க, கைபேசியை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

அந்த நேரத்தில் மதினி ஒலிபெருக்கியைப் பிடுங்கினாள். பிடுங்கியிருக்க வேண்டியதே இல்லை. அவளுக்கு எதற்கு ஒலிபெருக்கி?

"ஏலே! மொதல்ல உள்ள இருக்கவுக எறங்கட்டும்! ஓரமா நில்லுங்க! எறங்குனப்பெறகு ஏறுங்க! ஏறுனவுக வாசல்லயே நிக்காம உள்ள தள்ளிப் போங்க!"

நின்றது. கூட்டம் அப்படியே நின்றது. நடுவில் ஒரு வழி பிளந்தது. சுருளி மாமாவும் ஆட்களும் இறங்கினார்கள். ஓரத்தில் நின்றவர்கள் ஏறினார்கள், உள்ளே தள்ளிப் போனார்கள். செட்டு கொண்டது. நான் நினைத்ததைவிட எவ்வளவோ அதிகமாகக் கொண்டது.

நான் பார்த்திபன் சாரைத் தூக்கப் போனேன். எனக்கு முன்னால் ஐந்து பெண்கள் அவரைத் தூக்கி, பம்பு செட்டில் கழுவி, அண்ணனின் வேட்டியைக் கட்டிவிட்டிருந்தார்கள். "பயப்படாதீக தம்பி, கொடிக்கு அடிக்கிற மருந்து கலக்காத தண்ணிதான்" என்று ஆறுதல் வேறு.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் மதினி அதற்குள் என் வேலை விஷயத்தை நான்கு பேரிடம் சொல்லியிருந்தாள். நான்கு பேரிடம் சொன்னால் போதாதா? தட்டோடு உட்கார்ந்திருந்த கூட்டம் தட்டோடு எழுந்தது.

"நம்ம செலினுக்கு வேல போயிருமாம்ல? வாங்க, இன்னொரு தடவ ஏறி எறங்குவோம்" என்றார் சுருளி மாமா, தன் துண்டை நாற்காலியிலிருந்து தானே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு. அவர் வாழ்க்கையில் பிடித்த இடத்தை விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை என்று அவர் சம்சாரமே சொன்னது.

இறங்கினார்கள். ஏறினார்கள். அண்ணன் கதவை மூடினான், திறந்தான். மறுபடி இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள். ஒரு கையில் பிரியாணித் தட்டு, வாயில் எலும்பு, கண்ணில் கடமை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேகமாக. ஒவ்வொரு தடவையும் மதினி அதே நாலு வாக்கியத்தை அதே குரலில் சொன்னாள். ரேவதி மேடம் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு "போதும்மா" என்றார், பிறகு "போதும், ப்ளீஸ், சாப்பிடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அப்போது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் பூட்டி வைத்தது எப்படியோ வந்து சேர்ந்திருந்தது.

புறப்படும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க கோட்ட அழிச்சிடுங்க. அதை நம்ப முடியாது. கம்பி நல்லா இருக்கு. கம்பிக்குப் பதிலா குழாய் போட்டு ஒரு பிளாட்பாரத்துல வெச்சுப் பாக்கலாம். ஆனா எங்க கம்பி முடியுதோ அங்கதான் ஆள் விழறாங்க." வேட்டியில் நின்ற பார்த்திபன் சாரை ஒரு பார்வை பார்த்தார். "அதனால கடைசி வரைக்கும் போடணும். அப்புறம் அந்த அறிவிப்பு..."

"மாத்திடறேன் மேடம்."

"நீங்க அதுல எந்த இடத்துலயும் 'ஏறுங்க'ன்னு சொல்லவே இல்லை. கவனிச்சீங்களா? 'இறங்குங்க'ன்னும் சொல்லலை. அவங்க நீங்க சொன்னதத்தான் செஞ்சாங்க."

திரும்பும் வழியில் தேனி வரைக்கும் பார்த்திபன் சார் தான் எடுத்த வீடியோவையே பார்த்துக்கொண்டு வந்தார். அல்லிநகரம் தாண்டும்போது வேட்டியைச் சரிசெய்தபடி, "மேடம், உங்க மதினி சொன்னத அப்படியே எழுதி, கொஞ்சம் மரியாதை சேத்துக் குடுங்க. 'ஏலே' மட்டும் வேண்டாம்" என்றார். அந்த மாதக் கடைசியில் என்னை நிரந்தரமாக்கினார்கள். கவிதை எழுதத் தெரிந்த ஒருத்தி கவிதையை விட்டுவிட்டு எழுதியதற்காகக் கிடைத்த ஒரே பரிசு அதுதான். எனக்கு அதில் வருத்தமில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் எதிரில் நிற்கும்போது, சொல்லைக் கொஞ்சம் பொறுப்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று கற்றுக் கொடுத்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். இரண்டாவது தடவை தட்டோடு எழுந்து நின்றார்களே, அதற்கு என்னிடம் இன்றுவரை உவமை இல்லை.

போன வருடம் மதினி அந்த நகரத்துக்கு வந்தாள். அவள் குரலில் பிறந்த வாக்கியம் தரைக்கு அடியில் கேட்கிறது என்று சொன்னதிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தாள். அழைத்துப் போனேன். காலை நேரம், கூட்டம். விளிம்பு நெடுகக் குழாய்த் தடுப்பு, கடைசி மூலை வரைக்கும். ஒலிபெருக்கி பேசியது: முதலில் உள்ளே இருப்பவர்கள் இறங்கட்டும். ஓரமாக நில்லுங்கள். அவர்கள் இறங்கிய பிறகு ஏறுங்கள். ஏறியவர்கள் வாசலில் நிற்காமல் உள்ளே தள்ளிப் போங்கள்.

"என்னடி, என் சத்தத்தக் காணோம்? யாரோ ஒருத்தி கொஞ்சுறா" என்றாள் மதினி. ஆனால் முகம் சிவந்துவிட்டது.

ரயில் வந்தது. கதவு திறந்தது. இறங்குகிறவர்கள் நடுவில் இறங்கினார்கள். ஓரத்தில் நின்றவர்கள் ஏறினார்கள். எங்கள் முறை வந்தது. நான் ஏறப்போனேன். மதினி என் கையை விட்டாள். முந்தானையை எடுத்துத் தலையில் முக்காடு போட்டாள். கைகூப்பினாள். கதவுக்கு ஒரு அடி முன்னால் நின்று, லேசாகத் தலை வணங்கி, வலதுபக்கம் திரும்பி, ஓரமாக நடந்துபோய், பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

எனக்குச் சிரிப்பில் நிற்க முடியவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நடுத்தர வயதுப் பெண்கள் தரைக்கு அடியில் எதற்காக இப்படிக் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார்கள் என்று யாருக்கும் விளங்கவில்லை. ரயில் கதவை மூடிக்கொண்டு, எங்கள் இரண்டு பேர் இடத்தையும் காலியாக எடுத்துக்கொண்டு, புறப்பட்டுப் போனது.